விற்பவர் பெயர்: ஷுக்ரான்

போன் அடித்தது.

மேஜை மேல், கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஆனால் ஷுக்ரானால் கை நீட்ட முடியாது!

பார்சல் ஒட்டும் பிரவுன் டேப், அவளுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் நாற்காலியின் கைப்பிடிகளோடு சேர்த்துச் சுற்றியிருந்தது. கணுக்கால்களிலும் அதே டேப். கழுத்தில், இடது காதுக்குக் கீழே, ஏதோ சில்லென்று பட்டுக்கொண்டிருந்தது.

கத்தி.

"யாரு அது?" கத்திக்குச் சொந்தக்காரன் கேட்டான்.

"தெரியல... ஸ்கிரீனைப் பாருங்க."

"நிஸிப் சோப்புன்னு வருது."

"நிஸிப் ஊர் கஸ்டமர். எடுக்கலைன்னா விடமாட்டான். திரும்பத் திரும்ப அடிப்பான். அப்புறம் கீழ டீக்கடைக்குப் போட்டு, 'அக்காவுக்கு என்னாச்சுன்னு போய்ப் பாரு'ம்பான்."

அவன் யோசித்தான். ஸ்பீக்கரை அழுத்தினான்.

"ஒழுங்கா பேசு... குரல் நடுங்குச்சு, அவ்வளவுதான்!"

"அக்கா! ஸலாம்!" போன் கத்தியது. "ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். சைட்ல விற்பவர் முகவரின்னு ஒரு இடம் இருக்கே, அதைப் போட்டே ஆகணுமா? நான் வீட்லதான் சோப்பு காய்ச்சறேன். மாமியார் வேற கூட இருக்காங்க."

கத்தி லேசாக அழுந்தியது.

"போட்டே ஆகணும் தம்பி," என்றாள் ஷுக்ரான். "பேரு, முகவரி, போன், வரி நம்பர்... நாலும் இருக்கணும். சட்டம்."

"எதுக்குக்கா? யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"கோவமா வர்றவன்... வந்து சேர ஒரு இடம் வேணும்ல?"

"அதுவும் சரிதான்! மாமியார் பேரையே போட்டுடறேன்!"

சிரிப்புச் சத்தம். துண்டிக்கப்பட்டது.

ஷுக்ரான் மூச்சை விட்டாள். அதுகூடக் கத்தியில் உரசிக்கொண்டுதான் வெளியே வந்தது.

துருக்கியின் காஸியான்தெப் நகரச் செம்புக் கடைத்தெருவில், பழைய வணிகக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் அந்த ஆபீஸ். கதவில் பாதிக்கு மேல் புகைக் கண்ணாடி. அதில் 'இணையக் கடைகளுக்கான சட்டப் பக்கங்கள்' என்று எழுதியிருக்கும். பிஸ்தா விற்பவர்களும், மிளகாய்க் கூழ் விற்பவர்களும், செம்புக் குடம் விற்பவர்களும் அந்தக் கதவைத் தட்டுவார்கள். சித்தப்பா மகன் யாராவது சைட்டைச் செய்து கொடுத்திருப்பான். போட்டோக்கள் பிரமாதமாக இருக்கும். விற்பனை ஒப்பந்தம், வாங்குபவரின் தகவல் பாதுகாப்பு, திருப்பித் தரும் விதிகள்... இவையெல்லாம் அபராதம் வந்த பிறகுதான் ஞாபகத்துக்கு வரும்.

அப்போது ஷுக்ரானிடம் ஓடி வருவார்கள்.

வக்கீல் ஆபீஸில் பல வருடம் டைப் அடித்தவள். விவாகரத்தானவள். ஒரே மகள் அங்காராவில் படிக்கிறாள். மேஜையில் அவள் போட்டோ இருக்கிறது. பக்கத்தில் ஆறிப்போன ஒரு கிளாஸ் டீ.

வெள்ளிக்கிழமை நண்பகல். பாங்கு சொல்லி முடிந்ததும் கடைத்தெரு மொத்தமும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டது. கீழே செம்பு தட்டும் சத்தம்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அவன் உள்ளே வந்தான். முப்பது வயது இருக்கும். நல்ல இஸ்திரி போட்ட சட்டை. பெயர் வெய்செல் என்றான். "ஷுக்ரான் அக்கா நீங்கதானே?" என்று பணிவாகக் கேட்டான்.

"ஆமா தம்பி, உட்காருங்க."

அவன் உட்காரவில்லை. கதவைத் தாழிட்டான்!

"இப்பப் பேசலாம்," என்றான் வெய்செல். கத்தியைக் கழுத்திலிருந்து எடுத்து, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குப்பியை எடுத்து மேஜையில் வைத்தான்.

உள்ளே பச்சை நிற மாத்திரைகள்.

"இது என்னன்னு தெரியுதா?"

"தெரியல."

"பச்சை இடுப்பு. மூலிகை மாத்திரை. ஒரே மாசத்துல உடம்பு இளைக்கும்னு போட்டிருக்க. என் தங்கச்சி வாங்கிச் சாப்பிட்டா." அவன் குரல் உடைந்தது. "செத்துட்டா!"

"அல்லா அவளுக்குச் சொர்க்கம் தரட்டும்... ஆனா தம்பி, நான் மாத்திரை விக்கறவ இல்ல!"

"விக்கலையா?"

அவன் தன் போனை அவள் மூக்கருகே நீட்டினான். பச்சை இடுப்பு சைட். கடைசிப் பக்கம். விற்பவர்: ஷுக்ரான். முகவரி: இதே தெரு. இதே கட்டடம். இதே மாடி.

ஷுக்ரான் கண்களை மூடிக்கொண்டாள்.

"மறுபடியுமா..."

"என்ன மறுபடியும்?"

"தம்பி, சத்தியமா சொல்றேன், கேளுங்க. இது நான் எழுதின பக்கம்தான். ஆனா என் சைட் இல்ல!"

"என்ன கதை விடற?"

"நான் ஒரு மாதிரிப் பக்கம் போட்டிருந்தேன். என் சைட்ல. வர்றவங்க பாத்துப் புரிஞ்சுக்கட்டும்னு, சட்டப் பக்கம் இப்படித்தான் இருக்கணும்னு, என் பேரையும் முகவரியையும் வெச்சே நிரப்பிப் போட்டேன். ஊர்ல பாதிப் பேரு காசு குடுக்காம அதை அப்படியே காப்பி அடிச்சுட்டாங்க. காப்பி அடிச்சவன் பேரை மாத்தணும்ல? மாத்தல! போன வருஷம் ஒருத்தர் விக்கோட வந்து நின்னாரு. 'நீ அனுப்பின விக் என் தலைக்குப் பத்தல'ன்னு அரை மணி நேரம் சண்டை. அதுக்கு முன்னாடி ஒரு பொம்பள, குதி உடைஞ்ச செருப்பைக் கொண்டு வந்து இதே மேஜை மேல வெச்சா. அப்புறம்தான் மாதிரியில இருந்து முகவரியை எடுத்தேன். அதுக்குள்ள காப்பி ஆனது ஆனதுதானே?"

வெய்செல் அவளையே பார்த்தான். சிரிக்கவில்லை.

"நல்லாருக்கு. நான் நம்பறதுக்கு என்ன ஆதாரம்?"

உயிர் தப்ப ஒரு சந்து தெரிந்தது!

ஷுக்ரான் அதற்குள் பாய்ந்தாள்.

"ஆதாரம் இருக்கு. நிறைய இருக்கு! பேரு, முகவரியெல்லாம் வெறும் எழுத்து. யாரு வேணா யாரு பேரை வேணா அடிக்கலாம். ஆனா சைட்டுக்கு ஒரு உடைமைக்காரன் இருப்பான்ல? அதை வாங்கினப்ப யாரு பேருல பணம் கட்டினாங்கன்னு பதிவு இருக்கும். அது என் பேருல இருக்காது."

"சரி."

"அரசாங்கத்தோட இணையக் கடைப் பதிவேடு இருக்கு. அதுல கடையைச் சேர்த்திருக்கணும். அதுலயும் என் பேருல இந்தச் சைட் இருக்காது."

"ம்."

"எல்லாத்துக்கும் மேல, கார்டுல கட்டற பணம் எந்தக் கணக்குக்குப் போகுதோ, அவன்தான் விக்கறவன்! பணம் வாங்கற கம்பெனி போலீஸ் கேட்டா ஒரே நிமிஷத்துல சொல்லிடும்!"

"வேற?"

"வேற... போன் நம்பர்!" ஷுக்ரானின் குரலில் வேகம் ஏறியது. எத்தனையோ பக்கங்களைத் திருத்திய கண் அது. "இதைப் பாருங்க. காப்பி அடிச்ச மத்தவனெல்லாம் முட்டாள்தனமா எல்லாத்தையும் அப்படியே விட்டான். என் போன் நம்பர் உள்பட! ஆனா இவன் போன் நம்பரை மட்டும் மாத்தியிருக்கான். அப்படின்னா அந்த இடத்தை அவன் கவனிச்சிருக்கான். ஆர்டர் அவனுக்கு வரணும்... கோவமா வர்றவன் மட்டும் இங்க வரணும்! மறதி இல்ல தம்பி இது. வேணும்னே விட்டிருக்கான்! உங்க தங்கச்சியைக் கொன்னவன் அவன்தான்!"

சொல்லி முடித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

அந்த முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். 'யாருடா அவன்' என்று எழுந்து நிற்பான் என்று எதிர்பார்த்தாள்.

வெய்செல் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

"இதையெல்லாம்," என்றான் நிதானமாக, "வேற யாருகிட்டயாவது சொல்லியிருக்கியா?"

ஷுக்ரான் அவனை உற்றுப் பார்த்தாள்.

தங்கச்சியைப் பறிகொடுத்தவன் கேட்கிற கேள்வியா இது?

"இல்ல... இந்தச் சைட்டையே இப்பதான் பாக்கறேன்." உதட்டை நனைத்துக்கொண்டாள். "தம்பி... உங்க தங்கச்சி பேரு என்ன?"

"எதுக்கு?"

"அவளுக்காகத் துவா செய்யறதுக்கு."

அவன் கண்கள் அரை நொடி போனுக்குப் போய்த் திரும்பின.

"குலிஸார் தெகெஜி," என்றான். "இன்ஜிலிபினார், ஆறாம் வாசல், மூணாவது மாடி."



எந்த அண்ணன் செத்துப்போன தங்கையை பேட்டை, வாசல் நம்பரோடு சொல்வான்? 'எங்க குலிஸார்' என்பான். 'எங்க வீட்டுக் குட்டி' என்பான். இப்படிச் சொல்கிறவன் ஒருவன்தான்.

பார்சல் அனுப்பியவன்!

அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்பதை அவனும் கண்டுபிடித்துவிட்டான்.

"சே!" என்று சிரித்தான். "இன்னும் கொஞ்ச நேரம் அண்ணனா இருக்கலாம்னு பாத்தேன்."

"நீதான்... அந்தச் சைட்..."

"நானேதான். மூணு நாளைக்கு முன்னாடி, ஆர்டர் குடுத்த அதே நம்பர்ல இருந்து அவ புருஷன் போன்ல கத்தினான். 'என் பொண்டாட்டியைக் கொன்னுட்டீங்களேடா! உங்களைச் சும்மா விடமாட்டேன்டா!'ன்னு. ராங் நம்பர்னு வெச்சுட்டேன். ஆனா பொணம் விழுந்தா போலீஸ் வரும். போலீஸ் முதல்ல இந்த முகவரிக்குத்தான் வரும். சந்தோஷப்பட்டேன். அப்புறம் ஒரு பயம். இவ எப்படித் தப்பிப்பா? என்னவெல்லாம் சொல்லுவா? தெரிஞ்சுக்கணும்ல?" அவன் குனிந்து அவள் கன்னத்தை லேசாகத் தட்டினான். "ஒண்ணு விடாம நீயே சொல்லிட்ட. ரொம்ப நன்றிக்கா!"

ஷுக்ரான் நாற்காலியோடு துள்ளினாள். டேப் தோலைப் பிய்த்தது. நாற்காலி ஒரு விரற்கடை நகர்ந்து நின்றது.

"கத்தினா?" கேட்டாள்.

"கத்து. எல்லாரும் தொழுகையில இருக்காங்க. ஆனா கத்தறதுக்கு முன்னாடி இந்தப் போட்டோவை ஒரு தடவை பாத்துக்க." மகளின் போட்டோவைச் சுட்டு விரலால் தட்டினான். "அங்காராவா? பின்னாடி காலேஜ் பேரு தெளிவாத் தெரியுது."

ஷுக்ரான் கத்தவில்லை.

வெய்செல் அவளுடைய கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, கொஞ்ச நேரம் ஏதோ தட்டினான்.

"சைட்டை இப்ப உன் பேருக்கு மாத்திட்டேன். வர்ற பணமும் இனிமே உன் கணக்குக்கு. உன் கணக்கு நம்பர் உன் சைட்லயே இருக்கே! மிச்சம் அந்த அரசாங்கப் பதிவேடு. அதுக்கு உன் பாஸ்வேர்டு வேணும்."

"சொல்லலைன்னா?"

அவன் போட்டோவைத் தன் பக்கம் திருப்பி வைத்தான்.

அவள் சொன்னாள்.

எத்தனை கடைக்காரர்களிடம் கெஞ்சியிருப்பாள்... 'பதிவு பண்ணிடுங்கண்ணே, முறைப்படி இருந்தா உங்களுக்குத்தான் நல்லது' என்று! இன்று அவளுக்கு முறைப்படி ஒரு கடை தயாராகிக்கொண்டிருந்தது. அவள் கழுத்துக்கு அளவெடுத்து.

"விற்பவரின் பதிவு பெற்ற இ-மெயில் முகவரி... இது என்ன?"

"சாதா இ-மெயில் இல்ல. அதுக்குன்னு தனியா வாங்கணும். தபால் ஆபீஸ்ல. ரெண்டு நாள் ஆகும்."

"பொய் சொல்ற!"

"ஸ்கிரீனைப் படி. நட்சத்திரம் போட்டிருக்கா? கட்டாயம்."

வெய்செல் பல்லைக் கடித்தான். பக்கத்தைக் கீழே இழுத்தான்.

"புகார் கேட்கும் பொறுப்பாளர் யார்... வாங்குபவரின் தகவலை எங்கே சேமிக்கிறீர்கள்... எத்தனை காலம்... யாரு கேட்டா இதையெல்லாம்?"

"சட்டம் கேக்குது."

"மாத்திரை செய்யறது இதைவிடச் சுலபம்!"

"என்ன போட்டுச் செய்யற?"

"உனக்கெதுக்கு?"

"பொருளின் சேர்மானம்னு அடுத்த கேள்வி வரும். முழு விவரம் குடுக்கணும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கத்தியின் முனை அவள் தாடையைத் தூக்கியது.

"நேரம் கடத்தறியா? தொழுகை முடிஞ்சு ஆளுங்க வந்துடுவாங்கன்னா?"

"கேள்வியை நான் போடலையே தம்பி."

ஷுக்ரானுக்கு ஒரு துளி நம்பிக்கை துளிர்த்தது. இந்தப் பதிவேட்டை எவனும் ஒரே மூச்சில் முடித்ததில்லை! அவளே நாலு தடவை எழுந்து டீ குடித்துவிட்டு வருவாள்...

"ஹா!" என்றான் வெய்செல்.

"என்ன?"

"கீழ ஒரு பட்டன். 'விடுபட்டதைப் பிறகு நிரப்புகிறேன்.'"

நம்பிக்கை அணைந்தது. அந்தப் பட்டன் போன மாதம்தான் வந்தது. வியாபாரிகள் கஷ்டப்படுகிறார்களே என்று கேட்டு, மனு எழுதிப் போட்டவர்களில் ஷுக்ரானும் ஒருத்தி!

அவளுடைய போனில் ரகசிய எண் வந்து விழுந்தது. அவனே படித்தான். அவனே அடித்தான்.

ஸ்கிரீனில் பச்சை நிற டிக்.

'வாழ்த்துகள்! உங்கள் இணையக் கடை பதிவு செய்யப்பட்டது.'

"வாழ்த்துகள்க்கா," என்றான் வெய்செல். "இப்ப சட்டப்படி நீதான் முதலாளி."

குப்பியைத் திறந்தான். உள்ளங்கையில் கவிழ்த்தான். பச்சை மாத்திரைகள் குவிந்தன.

"அப்புறம் என்னாகும் தெரியுமா? ஒரு பொண்ணு செத்துப்போச்சேன்னு முதலாளியம்மாவுக்கு மனசு உறுத்துது. தாங்க முடியல. தான் வித்ததைத் தானே முழுங்கிடறாங்க. வாயைத் திற!"

"வேண்டாம்..."

"டேப்பையெல்லாம் அப்புறமா நான் பிரிச்சுடறேன். கவலைப்படாதே. திற!"

ஆறிய டீயை அருகில் இழுத்து வைத்தான். அவள் மூக்கைப் பிடித்தான். ஷுக்ரான் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். மூச்சு முட்டியது. உதடு தானாகப் பிளந்தது. முதல் மாத்திரை நாக்கில் பட்டது... கசந்தது...

தட்! தட்! தட்!

புகைக் கண்ணாடிக்கு வெளியே இரண்டு நிழல்கள். ஒன்று சராசரி. இன்னொன்று கதவின் அகலத்துக்கு இருந்தது!

"திற!" ஒரு பெண் குரல். "உள்ள ஆள் அசையறது தெரியுது! திறக்கறியா, இல்ல என் வீட்டுக்காரரை உடைக்கச் சொல்லட்டுமா?"

வெய்செல் மின்னல் மாதிரி இயங்கினான். மாத்திரைகள் பைக்குள். ஆணியில் தொங்கிய ஷுக்ரானின் சால்வை, அவள் மடியையும் கைகளையும் மூடியது. கால்களை மேஜை மறைத்துக்கொண்டது.

"ஒரு வார்த்தை உளறினா," காதருகே கிசுகிசுத்தான், "முதல்ல நீ. அப்புறம் அவங்க. அப்புறம் அங்காரா."

தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, மூன்று எட்டில் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான். சாய்மான இடைவெளி வழியாகக் கத்தி முனை அவள் முதுகைத் தொட்டது.

ஷுக்ரான் நாக்கின் அடியிலிருந்த மாத்திரையைச் சால்வையில் துப்பினாள்.

உள்ளே வந்த பெண்ணின் முகம் வெளுத்துக் கிடந்தது. கண்ணைச் சுற்றிக் கருவளையம். கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்டர். ஆனால் குரலுக்கு மட்டும் எந்த நோயும் இல்லை. அவள் பின்னால் வந்த மனிதரின் தோள் கதவில் இடித்தது. கசாப்புக் கடைக்காரர் என்பதை அவர் மேலங்கியே சொல்லியது.

"இங்க ஷுக்ரான்ங்கறது யாரு?"

முதுகில் கத்தி.

"நான்தான்."

"நீதானா? பாத்தா நல்ல குடும்பத்துப் பொம்பள மாதிரி இருக்க!" அந்தப் பெண் கைப்பையைத் திறந்து ஒரு குப்பியை எடுத்து மேஜையில் அடித்து வைத்தாள். பச்சை இடுப்பு! "இதை விக்க உனக்கு வெக்கமா இல்ல? உன் வீட்லயும் ஒரு பொண்ணு இருக்குல்ல, இதோ போட்டோவுல! அவளுக்கு இதைக் குடுப்பியா?"

"ஜும்ஆவை விட்டுட்டு வந்திருக்கேன்," என்றார் கசாப்புக் கடைக்காரர். "அந்தக் கோவம் வேற இருக்கு எனக்கு."

ஷுக்ரான் குப்பியைப் பார்த்தாள். இன்னொரு ஜோடி! அதே முகவரிக்கு! உண்மையைச் சொல்ல வாய் துடித்தது. கத்தி முனை 'சொல்லித்தான் பாரேன்' என்றது.

வெய்செல் பிரகாசமானான். அவனுக்குச் சாட்சிகளே படியேறி வந்திருக்கிறார்கள்!

"நீங்களுமாக்கா?" உருகினான். "நானும் இதுக்குத்தான் வந்தேன். இவ வித்த மாத்திரையால என் தங்கச்சியே போய்ச் சேர்ந்துட்டா!"

"ஐயோ!" அந்தப் பெண்ணின் கோபம் சட்டென்று வடிந்தது. "செத்தே போச்சா?"

"செத்தே போச்சுக்கா. இவகிட்ட நியாயம் கேட்டா, வாயே திறக்க மாட்டேங்கறா. பாருங்க, மனசு உறுத்துது போல. எப்படி உட்கார்ந்திருக்கா பாருங்க!"

"கல்யாணமான பொண்ணா?"

"ஆமாக்கா. புருஷன் கதறினதை இந்தக் காதாலயே கேட்டேன்."

அதில் பொய் இல்லை.

கசாப்புக் கடைக்காரர் தொப்பியைக் கழற்றினார். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பெகிர், நமக்கு நேர்ந்திருக்க வேண்டியது, பாவம், இவங்களுக்கு நேர்ந்திருக்கு." இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி விரித்தாள். "அந்தப் பிள்ளைக்கு ஒரு ஃபாத்திஹா ஓதறேன். பேரென்ன தம்பி?"

சற்று முன் ஒப்பித்த அதே பொய். தானாக வந்து விழுந்தது.

"குலிஸார்," என்றான் வெய்செல் துக்கத்தோடு. "குலிஸார் தெகெஜி. இன்ஜிலிபினார், ஆறாம் வாசல், மூணாவது மாடி."

விரிந்த கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன.

அந்தப் பெண் புருஷனைப் பார்த்தாள்.

புருஷன் அவளைப் பார்த்தார்.

"பெகிர்..." என்றாள் அவள் மெதுவாக. "நான் செத்துட்டேனா?"

ஷுக்ரானின் தலை விருட்டென்று நிமிர்ந்தது!

வெய்செல் கதவைப் பார்த்தான்.

"காலையிலதானே ஆஸ்பத்திரியில இருந்து டிஸ்சார்ஜ் பண்ணிக் கூட்டிட்டு வந்தேன்," என்றார் பெகிர் குழப்பமாக. "இப்ப இவன்..." நெற்றி சுருங்கியது. "தம்பி... இன்னொரு தடவை பேசு."

"அண்ணே, அது..."

"அண்ணேவா? இந்தக் குரல்! 'ராங் நம்பர்'னு சொன்ன குரல்தானேடா இது!"

"அவன்தான்!" ஷுக்ரான் அலறினாள். "விக்கறவன் அவன்தான்! கையில கத்தி இருக்கு!"

சட்டென்று நாற்காலியோடு பக்கவாட்டில் சாய்ந்தாள். சால்வை விலகியது. டேப் சுற்றிய கைகள் தெரிந்தன. கத்தி காற்றைக் குத்தியது.

வெய்செல் இரண்டாவது முறை ஓங்குவதற்குள் பெகிர் மேஜையைத் தாண்டியிருந்தார். தினமும் முழு ஆட்டை ஒற்றைக் கையால் தூக்கி மாட்டுகிறவர். வெய்செலின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார்.

மடக்!

கத்தி தரையில் விழுந்தது. அடுத்து வெய்செல் விழுந்தான். அடுத்து பெகிரின் முழங்கால் அவன் முதுகில் விழுந்தது. மூன்றில் கடைசிதான் அதிகமாக வலித்தது என்பது அவன் போட்ட ஓலத்தில் தெரிந்தது.

"நீங்க... நீங்க செத்துட்டதா உங்க புருஷன்தான் சொன்னாரு!" மூச்சுத் திணறினான். "போன்ல! 'என் பொண்டாட்டியைக் கொன்னுட்டீங்களேடா'ன்னு!"

குலிஸார் இடுப்பில் கை வைத்தாள்.

"பெகிர்! உயிரோட இருக்கறவளையா செத்துட்டான்னு சொன்ன?"

"கோவத்துல வந்த வார்த்தை குலிஸார்!" பெகிர் தரையிலிருந்தபடியே கெஞ்சினார். "நம்ம ஊர்ல யாருதான் அப்படிச் சொல்லல? கறி விலை ஏறினாக்கூட 'எங்களைக் கொன்னுட்டான்'னுதானே சொல்லுவோம்!"

"வீட்டுக்கு வா, பேசிக்கறேன்."

குனிந்து கத்தியை எடுத்தாள். ஷுக்ரானின் டேப்புகளைக் கிழித்தாள். நிமிர்த்தி உட்கார வைத்தாள்.

ஷுக்ரான் மணிக்கட்டுகளைத் தேய்த்துக்கொண்டாள். முதல் வேலையாக மகளுக்குப் போன் போட்டாள். "ஒண்ணுமில்ல குட்டி, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். இரண்டாவதாகப் போலீசுக்கு.

கீழே தொழுகை முடிந்து செருப்புச் சத்தங்கள் திரும்பிக்கொண்டிருந்தன. எங்கோ ஒரு சுத்தியல் செம்பைத் தட்டத் தொடங்கியது.

"உன்னைப் போய் அப்படித் திட்டிட்டேனே, மன்னிச்சுக்க," என்றாள் குலிஸார்.

"நீங்க மட்டும் வரலைன்னா..." ஷுக்ரான் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணு சொல்லுங்கக்கா. பெரும்பாலும் போன்லதான் திட்டுவாங்க. ஆஸ்பத்திரியில இருந்து நேரா இங்கயே வரணும்னு எப்படித் தோணுச்சு?"

"அந்தச் சைட்லயே போட்டிருந்துச்சே! ரொம்பக் கீழ, எறும்பு சைஸ் எழுத்துல. 'பொருளால் பாதிப்பு நேர்ந்தால், வாங்கியவர் விற்பவரின் முகவரிக்கு நேரில் கொண்டுவந்து ஒப்படைக்கலாம். விற்பவர் மறுக்கக் கூடாது'ன்னு. கடைசி வரி அதுதான்."

ஷுக்ரான் திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள்.

"அதை எழுதினவ நான்தான். இத்தனை வருஷமா எழுதறேன்... காப்பி அடிச்சவன்கூடப் படிச்சதில்ல. கடைசி வரி வரைக்கும் படிச்ச முதல் ஆள் நீங்கதான்க்கா!"

குலிஸார் தரையில் நசுங்கிக் கிடந்தவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"படிக்காம என்ன பண்றது? இவன் மாத்திரைதான் ராத்திரி பூரா என்னைத் தூங்கவே விடலையே!"